பச்சை வெளிச்சம் செடிக்கு வேஸ்ட்தானா? இலை ஒளிய "பிடிக்குது"ன்னா உள்ள என்னதான் நடக்குது?

பால்கனி_கீரை:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஃப்ளாட் ஃபர்ஸ்ட் ஃப்ளோர், பால்கனி வடக்கு பாத்தது, எதிர்லயே இன்னொரு அபார்ட்மெண்ட் நிக்கிறதால நேர் வெயில் சுத்தமா வராது. அரைக்கீரை, தண்டுக்கீரை எது போட்டாலும் குச்சி குச்சியா நீண்டு சாஞ்சிடுது. சரி, க்ரோ லைட் ஒண்ணு வாங்கலாம்னு கடைக்குப் போனா ஊதா கலர்ல எரியற ஒண்ண காட்டி, செடிக்கு நீலமும் சிவப்பும் மட்டும் போதும் மேடம், பச்சைய இலை அப்படியே திருப்பி அனுப்பிடும், அதனாலதான் இலை பச்சையா தெரியுது, வெள்ளை லைட் வாங்கினா அதுல இருக்கற பச்சை பூரா கரண்டுக்கு தண்டம்னு சொல்றாங்க. பொண்ணு ப்ளஸ் டூ படிக்கறா, அவளோட லெவன்த் புக்க எடுத்துப் பாத்தா அதுலயும் கிராஃப்ல நீலத்துல ஒரு மேடு, சிவப்புல ஒரு மேடு, நடுவுல பச்சைல பள்ளம்.

ஆனா எனக்கு ஒரு இடத்துல இடிக்குது. பச்சை அவ்வளவையும் இலை வேண்டாம்னு விட்டுடுதுன்னா, மாமரத்துக்கு அடியில நின்னா பளிச்சுன்னு பச்சை வெளிச்சமா இருக்கணும் இல்லையா? அங்க நல்ல இருட்டான நிழல்தானே இருக்கு, அப்ப அந்த பச்சை எங்க போச்சு?

இன்னொண்ணு, குளோரோஃபில் ஒளிய ஈர்த்து உணவு தயாரிக்குதுன்னு புக்ல ஒரு வரியில முடிச்சிடறாங்க. ஈர்க்குதுன்னா என்ன அர்த்தம், வெளிச்சம் இலைக்குள்ள போய் எங்க தங்குது? அப்புறம் செவப்புத் தண்டுக்கீரை இலையே சிவப்பா இருக்கே, அதுக்கு சிவப்பு வெளிச்சம் உதவாதா? பொண்ணு கேட்டா, எனக்கு பதில் தெரியல. தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

---

இலைத்துளை:

அக்கா, மாமர நிழல் பாயிண்ட் ரொம்ப சரியான பாயிண்ட், அதுலயே பாதி பதில் இருக்கு. நான் பயிர் உடலியல்ல ரிசர்ச் பண்றேன், கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த கிராஃப். அது இலையோட கிராஃப் இல்ல. இலைய அரைச்சு அசிட்டோன், ஈதர் மாதிரி ஒண்ணுல கரைச்சு, அதுலருந்து குளோரோஃபில தனியா பிரிச்சு, ஒரு சின்ன கண்ணாடி டப்பாவுல ஊத்தி எடுத்த கிராஃப். அதுல குளோரோஃபில் ஏ அலைநீளம் 430 நானோமீட்டர் (நீலம்) கிட்டயும் 662 (சிவப்பு) கிட்டயும் உச்சம் காட்டும், நடுவுல பள்ளம் இருக்கறது உண்மைதான். ஆனா அந்த டப்பாவுல வெளிச்சம் ஒரே நேர்கோட்டுல ஒரு தடவ போய் வெளிய வந்துடுது, இலைக்குள்ள அப்படி இல்ல. இலைக்குள்ள செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல காத்து இடைவெளி இருக்கு, பச்சை ஒளி அங்க பட்டு இங்க பட்டு திரும்பித் திரும்பி சுத்துது, சுத்தற ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு குளோரோஃபில்கிட்ட மாட்ட சான்ஸ் இருக்கு, அதனால ஒரு தடவைக்கு மாட்டறது கம்மியா இருந்தாலும் மொத்தத்துல நிறையவே மாட்டிடுது. லெட்டூஸ் மாதிரி மெல்லிசான இலைலயே விழற பச்சைல பாதி உள்ள மாட்டிக்கும், தடிச்ச மர இலைல 90 சதவீதம் வரைக்கும் போகும். உங்க மாமர நிழல் இருட்டா இருக்கறது அதனாலதான். அப்ப இலை ஏன் பச்சையா தெரியுதுன்னா, சிவப்பும் நீலமும் அதவிட இன்னும் அதிகமா உள்ள போயிடுது, மிஞ்சி வெளிய வர்ற கொஞ்சத்துல பச்சைதான் கூட, அதோட நம்ம கண்ணு 555 நானோமீட்டர் கிட்ட இருக்கற பச்சைக்குத்தான் ரொம்ப கூர்மை, கொஞ்சம் வந்தாலே பளிச்சுன்னு தெரிஞ்சிடும்.

மாட்டின பச்சை வேலை செய்யுதா? செய்யுது. மெக்ரீன்னு ஒருத்தர் 22 வகை பயிரோட இலைல ஒவ்வொரு நிறமா விட்டு ஒளிச்சேர்க்கைய அளந்து 1972ல வெளியிட்டார், பச்சைல கிராஃப் கொஞ்சம் இறங்குமே தவிர பள்ளமா விழாது. இன்னைக்கு செடிக்கு உபயோகமான ஒளின்னு 400ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் முழுசா எடுத்துக்கறதுக்கு அந்த அளவெல்லாம்தான் அடிப்படை. அதுக்கப்புறம் 2009ல ஜப்பான்ல தெராஷிமா குழு சூரியகாந்தி இலைல இன்னொண்ணு காட்டினாங்க, ஏற்கனவே பலமான வெள்ளை வெளிச்சத்துல இருக்கற இலைக்கு மேற்கொண்டு கொஞ்சம் சிவப்பு குடுக்கறதவிட கொஞ்சம் பச்சை குடுத்தா ஒளிச்சேர்க்கை அதிகமா ஏறுது. ஏன்னா சிவப்பும் நீலமும் இலையோட மேல்பக்கத்துலயே தீந்துடுது, மேல இருக்கற பசுங்கணிகத்துக்கு (செல்லுக்குள்ள குளோரோஃபில் இருக்கற சின்ன உறுப்பு) ஏற்கனவே வயிறு ரொம்பிடுச்சு, பச்சைதான் கீழ வரைக்கும் இறங்கி அங்க பசியோட இருக்கறதுகளுக்கு போய்ச் சேருது. கடைல சொன்னது டப்பாவுக்குப் பொருந்தும், உங்க கீரைக்குப் பொருந்தாது.

இப்ப "பிடிக்கறது". எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான், இத புக்ல ஒரு வரியில தாண்டிப் போறது எனக்கு எப்பவும் வருத்தம். வெளிச்சம் இலைல எங்கயும் தங்கறதே இல்ல. ஒரு ஃபோட்டான், அதாவது ஒளியோட ஒரு துகள், குளோரோஃபில் மேல பட்டா அந்த ஃபோட்டான் அதோட காலி, அதோட எனர்ஜில குளோரோஃபில்ல இருக்கற ஒரு எலக்ட்ரான் மேல் நிலைக்கு ஏறிடுது. நீல ஃபோட்டான்ல எனர்ஜி அதிகம், அதனால ரொம்ப மேல ஏத்தும், ஆனா அந்த எக்ஸ்ட்ரா உயரம் கண்ண மூடித் தொறக்கறதுக்கு எவ்வளவோ முன்னாடியே சூடா கரைஞ்சு, சிவப்பு ஏத்தற உயரத்துக்கே இறங்கிடும். அதனால நீலம் பட்டாலும் சிவப்பு பட்டாலும் செடிக்கு கையில கிடைக்கறது ஒரே அளவுதான். இப்ப ஏறின எலக்ட்ரான் அங்கேயே உக்காந்திருக்காது. சில நானோசெகண்ட்தான் டைம், அதாவது ஒரு செகண்ட நூறு கோடியா பிரிச்சா அதுல சில பங்கு. அதுக்குள்ள யாராவது அந்த எனர்ஜிய வாங்கிக்கலைன்னா எலக்ட்ரான் கீழ விழுந்துடும், எனர்ஜி சூடாவோ சிவப்பு வெளிச்சமாவோ வெளிய போயிடும்.

இத வீட்டுலயே பாக்கலாம். கரும்பச்சையா இருக்கற கீரை ஒரு கைப்பிடி எடுத்து நசுக்கி, மெடிக்கல்ல கிடைக்கற சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல கொஞ்ச நேரம் ஊற வைங்க (அடுப்பு பக்கம் கொண்டு போகவே கூடாது, பத்திக்கும்). வெள்ளைத் துணில வடிகட்டி கண்ணாடி டம்ளர்ல ஊத்தி, ராத்திரி லைட்ட ஆஃப் பண்ணிட்டு, நோட்டு செக் பண்ற யூவி டார்ச்ச பக்கவாட்டுல அடிங்க. பச்சைத் தண்ணி சிவப்பா எரியும். ஏன்னா குளோரோஃபில கூட்டத்துலருந்து பிரிச்சு தனியா விட்டாச்சு, ஏறின எலக்ட்ரானோட எனர்ஜிய வாங்கிக்க பக்கத்துல ஆள் இல்ல. அதே டார்ச்ச முழு இலை மேல அடிச்சா அவ்வளவு சிவப்பு வராது, உயிரோட இருக்கற இலைல வாங்கினதுல 1, 2 சதவீதம்தான் அப்படி ஒளியா தப்பிக்குது.

இலைக்குள்ள யார் வாங்கிக்கறாங்க? இதுக்கு முதல் தடயம் 1932ல எமர்சனும் ஆர்னால்டும் குளோரெல்லா பாசில பண்ண சோதனை. ரொம்ப சின்ன சின்ன ஃப்ளாஷா வெளிச்சம் அடிச்சு எவ்வளவு ஆக்சிஜன் வருதுன்னு அளந்தாங்க, எவ்வளவு பலமான ஃப்ளாஷா இருந்தாலும் சுமார் 2500 குளோரோஃபில் மூலக்கூறுக்கு ஒரே ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுதான் வந்துச்சு. ஒவ்வொரு குளோரோஃபிலும் தனித்தனியா வேலை செஞ்சா இவ்வளவு கம்மியா வராதே! ஒரு ஆக்சிஜனுக்கு குறைஞ்சது 8 ஃபோட்டான் வேணும்னு வச்சுக்கிட்டா, ஏறக்குறைய 300 குளோரோஃபில் சேந்து ஒரு குழுவா இருக்குன்னு ஆகுது. அதுல கிட்டத்தட்ட எல்லாமே வாங்கித் தர்ற ஆளுங்கதான், ஆன்டெனான்னு சொல்றோம். மொட்டைமாடி முழுக்க விழற மழைய ஒரே குழாய்ல இறக்கற மாதிரி, அத்தனை குளோரோஃபில் மேலயும் விழற எனர்ஜி ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்குத் தாவித் தாவி நடுவுல இருக்கற ஒரு ஸ்பெஷல் குளோரோஃபில் ஜோடிக்கு வந்து சேருது. இப்படி ஒரு ஏற்பாடு ஏன் தேவைன்னா, உச்சி வெயில்லயே ஒரு தனி குளோரோஃபில்ல ஒரு செகண்டுக்கு பத்து ஃபோட்டான் அளவுலதான் மாட்டும், அத நம்பி நடு மெஷின ஓட்ட முடியாது. இந்தத் தாவல்ல எலக்ட்ரான் நகரறதில்ல, எனர்ஜி மட்டும்தான் கை மாறுது, இத மட்டும் கவனமா பிரிச்சு வச்சுக்கோங்க.

நடுவுல இருக்கற அந்த எதிர்வினை மையத்துலதான் எலக்ட்ரான் நெஜமாவே வீட்ட விட்டுக் கிளம்புது. இப்படி ஆன்டெனாவும் மையமும் சேந்த தொகுதி இலைல ரெண்டு வகை, ஃபோட்டோசிஸ்டம் ஒண்ணு, ஃபோட்டோசிஸ்டம் ரெண்டுன்னு பேரு. ரெண்டாவது வகைல அந்த நடு ஜோடிக்குப் பேரு பி680. அங்கருந்து கிளம்பி சில பிகோசெகண்ட்ல (நானோசெகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு) எலக்ட்ரான கை மாத்தற மூலக்கூறுங்க வழியா, முதல்ல ஃபியோஃபைட்டின், அடுத்து ஒரு க்வினோன், அடுத்து இன்னொரு க்வினோன்னு ஒவ்வொரு படியா தள்ளித் தள்ளிப் போகுது, ஒவ்வொரு படிக்கும் திரும்பி வர்றது கஷ்டமாயிட்டே போகுது. திரும்பி வர முடியாத தூரத்துக்கு எலக்ட்ரான் போயிடுச்சு பாருங்க, அந்த நிமிஷம்தான் ஒளி "பிடிபட்டது"ன்னு நான் சொல்லுவேன். சர்க்கரை செய்யறதெல்லாம் அதுக்கு எவ்வளவோ பின்னாடி.

எலக்ட்ரான எழந்த பி680 சும்மா இருக்காது, உயிர்கள்ல நமக்குத் தெரிஞ்ச வரைக்கும் எலக்ட்ரானுக்கு இவ்வளவு வெறியா அலையற பொருள் வேற கிடையாது, தண்ணிகிட்டருந்தே பிடுங்கும். பிடுங்கற இடத்துல 4 மாங்கனீசும் 1 கால்சியமும் ஆக்சிஜனோட சேந்த ஒரு சின்ன கட்டி இருக்கு, அதோட முழு அமைப்பு 2011லதான் ஜப்பான்ல ஷென், கமியா குழு எடுத்த படத்துல தெளிவா தெரிஞ்சது. அது ஒரு ஃபோட்டானுக்கு ஒரு எலக்ட்ரான்னு நாலு தடவ சேத்து வச்சு, நாலாவதுல ரெண்டு தண்ணிய உடைச்சு ஒரு ஆக்சிஜன விடும் (முன்னாடி சொன்ன 8 ஃபோட்டான்ல மீதி 4 ஃபோட்டோசிஸ்டம் ஒண்ணுக்கு). 1969ல பிரான்ஸ்ல ஜோலியோ இருட்டுல வச்சிருந்த பாசிக்கு ஃப்ளாஷ் ஃப்ளாஷா குடுத்தப்ப முதல் ஃப்ளாஷ்ல ஆக்சிஜனே இல்ல, மூணாவதுல குபீர்னு வந்துச்சு, அப்புறம் 7, 11ன்னு நாலு நாலா தாண்டி உச்சம். ஏன் நாலுல ஆரம்பிக்காம மூணுல ஆரம்பிக்குதுன்னா, இருட்டுல இருக்கறப்பவே அந்தக் கட்டி பெரும்பாலும் ஒரு படி ஏறின நிலையிலதான் காத்துட்டிருக்கும், அடுத்த வருஷம் கோக் இத விளக்கினார். நாம மூச்சு விடற ஆக்சிஜன் இப்படி எண்ணி எண்ணி வர்றதுன்னு நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்கும்.

செவப்புக்கீரைக்கு வேற யாராவது சொல்லுங்க, கை வலிக்குது.

---

பாட்டனி_டீச்சர்:

அருமையா சொல்லிட்டாரு. செவப்புக்கீரைய நான் எடுத்துக்கறேன். கீரை உள்ள குளோரோஃபில் வழக்கம்போல இருக்கும்மா, மேல பீட்டாசயனின்னு ஒரு சிவப்பு நிறமி மூடி மறைச்சிருக்கு, பீட்ரூட்ல இருக்கற அதே குடும்பம். இது தண்ணில கரையும், குளோரோஃபில் கரையாது. அதனால கீரைய வேக வச்சீங்கன்னா தண்ணி சிவப்பாகி இலை பச்சையா வெளிய வரும், பொண்ண பக்கத்துல நிக்க வச்சு காட்டுங்க. அந்தச் சிவப்பு நிறமி ஒளிச்சேர்க்கைக்கு எனர்ஜி குடுக்காது, பச்சை ஒளில கொஞ்சத்த அதுவே உறிஞ்சிக்கும். சிவப்பு வெளிச்சம் தாராளமா உள்ள போய் குளோரோஃபிலுக்குச் சேரும், அதுல பிரச்சினை இல்ல.

பொண்ணுகிட்ட எக்ஸாமுக்கு ரெண்டு விஷயம் அழுத்திச் சொல்லுங்க. வெளிய வர்ற ஆக்சிஜன் தண்ணிலருந்து வருது, கார்பன் டை ஆக்சைடுலருந்து இல்ல, 1941ல ரூபனும் காமனும் கனமான ஆக்சிஜன் 18 வச்சு காட்டினது, வருஷா வருஷம் நல்லா படிக்கற பிள்ளைங்களே இத மாத்தி எழுதிட்டு வர்றாங்க. ரெண்டாவது எமர்சனோட ரெட் டிராப். 680 நானோமீட்டர் தாண்டின சிவப்ப மட்டும் குடுத்தா குளோரோஃபில் அத வாங்கிக்கிட்டாலும் ஒளிச்சேர்க்கை சரசரன்னு இறங்கிடுது, அது கூடவே கொஞ்சம் குறைஞ்ச அலைநீள ஒளியும் சேத்துக் குடுத்தா ரெண்டையும் தனித்தனியா குடுத்து கூட்டினதவிட அதிகமா வருது. ரெண்டு ஃபோட்டோசிஸ்டம் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா வரிசையா வேலை செய்யுதுங்கறதுக்கு அதுதான் முதல் சாட்சி, பி680 ஒண்ணு, பி700 ஒண்ணு. வெறும் பேரா மனப்பாடம் பண்ணாம இந்த சோதனையோட சேத்து படிச்சா மறக்கவே மறக்காது.

---

மேட்டாங்காடு:

நான் மக்காச்சோளம், கரும்பு பண்றனுங்க, இந்த எலக்ட்ரான் கதைய படிச்சதும் எங்க காட்டுல நடக்கறது ஞாபகம் வந்துச்சு. சோளத்துக்கு களைக்கு அட்ரசின் அடிக்கறோமில்லீங்க, அது போய் உக்கார்ற எடமே இவரு சொன்ன அந்த ரெண்டாவது க்வினோனோட சீட்டுதான். க்வினோன் வந்து உக்கார எடமில்ல, எலக்ட்ரான் மேற்கொண்டு போக வழியில்ல, ஆனா மேல வெயில் நிக்காம கொட்டிட்டே இருக்குது. அந்த எனர்ஜி போக்கிடமில்லாம ஆக்சிஜன் மேல பாய்ஞ்சு இலைய உள்ளருந்தே எரிச்சுப்போடும். சாப்பாடு இல்லாம மெதுவா சாகறதா இருந்தா இவ்வளவு வேகமா காயாதுங்க, ஓரம் வெளுத்து தீஞ்சாப்ல ஆயிரும், நல்லா வெயில் படற எடத்துல சீக்கிரமா, நெழல்ல மெதுவா. சோளத்துக்கு மட்டும் அந்த மருந்த உள்ளயே மாத்தி செயலிழக்க வைக்கற சக்தி இருக்குது, அதனால தப்பிச்சுக்கும்.

இன்னொண்ணு, சுண்ணாம்பு மண்ணுல கரும்பு குருத்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நிக்கும் பாருங்க, அது இரும்புச்சத்து பத்தாம வர்றது, அன்னபேதி உப்ப கரைச்சு இலை மேல தெளிச்சா பச்சை திரும்பும். குளோரோஃபில் நடுவுல இருக்கறது மெக்னீசியம்னு எல்லாருஞ் சொல்றாங்க, ஆனா அந்த குளோரோஃபில செய்யறதுக்கும் எலக்ட்ரான கை மாத்தி விடறதுக்கும் இரும்பு இல்லாம ஆகாதுங்க. அடி இலை வெளுத்தா மெக்னீசியத்த பாருங்க, குருத்து வெளுத்தா இரும்ப பாருங்க, எங்களுக்கு அதுதான் கணக்கு.

---

பால்கனி_கீரை:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி டார்ச் சோதனைய பண்ணிட்டோம், பாலக்கீரைல. டம்ளர் ஓரத்துல லைட் பட்ட இடத்துலருந்து உள்ள ஒரு விரல் அளவுக்கு குங்குமச் சிவப்பு, அதத் தாண்டி உள்ள கருப்பு, டார்ச்ச நகத்தினா சிவப்பும் கூடவே நகருது. பொண்ணு டம்ளர வச்சுட்டு எழுந்திரிக்கவே இல்ல.

இன்னும் ஒரு டவுட்டு. போன மாசம் சாஞ்சு போன தொட்டி ஒண்ண மொட்டைமாடிக்கு கொண்டு போய் நல்ல வெயில்ல வச்சேன், நல்லா வரும்னு பாத்தா இலை வெள்ளை வெள்ளையா திட்டு விழுந்து காஞ்சிடுச்சு. வெளிச்சம் வேணும்னு ஏங்கின செடிதானே, ஏன் இப்படி ஆச்சு? அப்புறம் லைட் எதுதான் வாங்கறது?

---

இலைத்துளை:

அந்தத் திட்டுக்கும் மேட்டாங்காடு அண்ணன் சொன்ன களைச்செடிக்கும் ஒரே காரணம்தான் அக்கா, போக்கிடம் இல்லாத எனர்ஜி. நிழல்ல வளர்ற இலை கிடைக்கற கொஞ்சத்த விடாம பிடிக்கணும்னு ஆன்டெனாவ பெருசா கட்டி வச்சிருக்கும், ஆனா வாங்கினத செலவு பண்ற பகுதி அங்க சின்னது. அத திடீர்னு உச்சி வெயில்ல வச்சா வாங்கறது பல மடங்கு, செலவு பண்ண வழியில்ல. வெயிலுக்குப் பழகின இலைகிட்ட இதுக்கு ஏற்பாடெல்லாம் ரெடியா இருக்கும். வெயில் ஏறின சில நிமிஷத்துலயே வயலாசாந்தின்ங்கற மஞ்சள் நிறமி ஸியாசாந்தினா மாறி, அதிகப்படி எனர்ஜி ஆன்டெனாலயே சூடா வெளியேறிடும். பசுங்கணிகங்களும் செல்லோட பக்கச் சுவர் ஓரமா ஒதுங்கி ஒண்ணு பின்னாடி ஒண்ணா மறைஞ்சுக்கும். அதையும் மீறி ஃபோட்டோசிஸ்டம் ரெண்டுல டி1ங்கற புரோட்டீன் அடிபட்டுட்டே இருக்கும், செடி அத கழட்டிட்டு புதுசு மாட்டிட்டே இருக்கும், எல்லா வெயில் நாள்லயும் எல்லா செடியிலயும் இது நடக்குது. உங்க தொட்டிக்கு அந்த ரிப்பேர் வேகம் பத்தல. அடுத்த தடவ முதல்ல காலை வெயில் மட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நேரத்த கூட்டி ஒரு வாரம் பத்து நாள்ல பழக்குங்க, புது இலை வர்றப்பவே அந்த வெயிலுக்கு ஏத்த மாதிரி வரும்.

லைட் விஷயம். வெள்ளை எல்இடியே வாங்குங்க, இலைல நோய், பூச்சி, மஞ்சள் எது வந்தாலும் அந்த வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியும், ஊதால எதுவுமே தெரியாது. ஆனா கலர விட அளவுதான் முக்கியம். கீரை சுமாரா வளரணும்னாலே ஒரு சதுர மீட்டர்ல செகண்டுக்கு 200 மைக்ரோமோல் (ஃபோட்டான எண்ணற அலகு) ஃபோட்டான் வேணும், உச்சி வெயில் 2000 குடுக்கும். வெள்ளை எல்இடில லக்ஸ (நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தோட அளவு) சுமார் 70ஆல வகுத்தா இந்தக் கணக்கு வரும், அப்ப இலை மட்டத்துல 14,000 லக்ஸ் இருக்கணும். வீட்டுக்குள்ள ட்யூப் லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான், கண்ணுக்கு பளிச்சுன்னு இருக்கும், செடிக்கு அது பட்டினி. அந்த 14,000த்த ஒரு சதுர மீட்டருக்கு குடுக்கணும்னா நல்ல எல்இடியா இருந்தாலும் 100 வாட் கிட்ட இழுக்கும், தினம் 12 மணி நேரம்னா மாசம் 36 யூனிட். கீரைக்கட்டு விக்கற விலைக்கு இது தேவையான்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

அதவிட நீங்க செடிய மாத்தறது நல்லது. அரைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் சி4 வகை, மக்காச்சோளம் கரும்பு மாதிரி, கொளுத்தற வெயிலுக்குன்னே ஆனது, நிழல்ல அதுங்க எப்பவுமே தேறாது. வல்லாரை, புதினா ரெண்டும் பாதி நிழல்லயே வரும், அத பால்கனில வைங்க. லைட் வேணும்னு ஆசையா இருந்தா வெந்தயம், கடுகு மாதிரி சின்னதா முளைக்கீரையா அறுக்கறத ஒரு தட்டு அளவுல வச்சு அதுக்கு மட்டும் லைட்ட கிட்டக்க மாட்டுங்க, 20 வாட்டே போதும்.

---

பாட்டனி_டீச்சர்:

வல்லாரைக்கு மண்ணு எப்பவும் ஈரமா இருக்கணும், அத மட்டும் பாத்துக்கோங்கம்மா. லைட் வாங்கறதுக்கு முன்னாடி ஃபோன்ல ஒரு லக்ஸ் ஆப் போட்டு, காலை பத்து மணி, மத்தியானம், நாலு மணின்னு பால்கனில தொட்டி இருக்கற உயரத்துலயே வச்சு அளந்து பாருங்க. ஃபோனோட சென்சார் துல்லியமா இருக்காது, இருந்தாலும் ஆயிரமா, பத்தாயிரமான்னு தெரிஞ்சிடும். ரீடிங்க இங்க போடுங்க, பாத்துட்டு எந்தச் செடி வரும்னு சொல்றோம்.